ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு

5

(எண்ணைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். இந்தக் கதைக்கு நான்கு பகுதிகள். அவை ஐந்து, ஒன்று, மூன்று, ஏழு என்றுதான் வரும். வந்தபடியே படியுங்கள், கதை நேராகப் போகும். எடுத்து வரிசையாக அடுக்கலாமே என்று கை துறுதுறுத்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். அப்படி அடுக்கி வைத்த ஒருத்தியின் கதைதான் இது.)

இது கதையாகத் தொடங்கவில்லை, வேலை கேட்கும் விண்ணப்பமாகத் தொடங்கியது. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் எழுதியாகிவிட்டது. "ஐயா," என்றும் போட்டாகிவிட்டது. அதற்குக் கீழே காரணம் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. அங்கிருந்துதான் இந்தக் கதை கிளம்புகிறது.

விண்ணப்பம் எழுத உட்கார்ந்தவள் அவள். கதை எழுதுகிறவள் நான். இரண்டு பேரும் ஒரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பது உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ஆனாலும் அவளை "அவள்" என்றே சொல்லப்போகிறேன். அவளைத் திட்ட வேண்டியிருக்கிறது. தன்னைத்தானே திட்டிக்கொள்கிறவர்கள் பாதி வழியில் இரக்கப்பட்டு நிறுத்திவிடுவார்கள். நான் நிறுத்துவதாக இல்லை.

அந்த வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். தாண்டியதோடு நிற்காமல் பொறியியல் பட்டமும் வாங்கிவிட்டாள். வாங்கியதிலிருந்து வீட்டுக்கும் தெருவுக்கும் சேர்த்து விண்ணப்பம் எழுதுகிற வேலை அவள் தலையில் விழுந்தது. குழாய் உடைந்த புகார், மின்கம்பம் சாய்ந்த புகார், பக்கத்து வீட்டுக் குழந்தையின் பள்ளிச் சேர்க்கை. நான்கு வருடம் படித்தது "பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று எழுதத்தானா என்று அவளுக்கு வயிறெரியும். எரிந்துகொண்டே எழுதித் தருவாள்.

அன்று கேட்டவர் அப்பா. மெக்கானிக். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட்டில் இருபத்தாறு வருடமாகப் பழைய கார்களைப் பிரித்து மாட்டுகிறவர்.

"குளிர்பதனக் கிடங்குல கேட்டுக்கு ஆள் வேணுமாம். லாரி நம்பரக் குறிச்சுக்கணும், கேட்டத் திறந்து விடணும். சாயங்காலத்துக்குள்ள லெட்டர் குடுக்கச் சொல்லியிருக்காங்க. எழுதிக் குடும்மா."

"காரணம் கேப்பாங்களேப்பா. இத்தன வருஷம் சொந்தமா ஷெட் வச்சிருந்தவர் ஏன் வர்றார்னு."

"கை நடுங்குதுன்னு எழுது."

"கை நடுங்குறவருக்கு யாருப்பா வேல குடுப்பா?"

"கேட்டத் திறக்குறதுக்கு கை நடுங்குனா என்ன? கேட்டும் சேந்து ஆடும். அவ்வளவுதான?"

சிரிப்புக்காகத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது வலது கையைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். மூன்று நாட்களாக அந்தக் கையை அவர் யாருக்கும் காட்டுவதில்லை.

அவள் "ஐயா," என்று எழுதினாள். அடுத்த வரி வரவில்லை. அந்தக் காரணம் பொய் என்பது, உலகத்திலேயே அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

1

இந்தப் பகுதியை எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். முதலாவது:

அப்பாவின் கைகள், கிரீஸ் வாசம் மாறாத அந்தக் கைகள், ஒரு தலைமுறையின் உழைப்பை ரேகைகளாகச் சுமந்த—

(வேண்டாம். அப்பாவின் கையைப் பற்றி இப்படி எழுதினால் பரிசு கிடைக்கும். அவருக்கு என்ன கிடைக்கும்?)

இரண்டாவது, அப்பாவின் வாடிக்கையாளரான ஒரு டாக்டரம்மாவின் மருமகனைத் திட்டுவதில் தொடங்கியது. நன்றாக வந்தது. ஆனால் ஒரு பக்கம் முழுக்கத் திட்டிய பிறகுதான், அவர் செய்தது சிறிய தப்பு என்பதும் பெரிய தப்பைச் செய்தவள் இன்னும் கதைக்குள்ளேயே வரவில்லை என்பதும் தெரிந்தது. கிழித்துவிட்டேன்.

ஆகவே மூன்றாவது. வண்டியிலிருந்து.

வண்டி டாக்டரம்மாவுடையது. கரும்பச்சை நிறம், நீள மூக்கு, எட்டு சிலிண்டர். டாக்டரம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகிறது. வண்டியை மட்டும் ஓய்வு பெற விடவில்லை. எஞ்சினைக் கழுவி, பெயின்ட் அடித்து, துருவேறிய தகடுகளுக்குப் புது முலாம் பூசித் திரும்ப மாட்ட வேண்டும் என்று அப்பாவிடம் விட்டிருந்தார்.

தகடுகள் என்றால் எவை என்று சொல்லிவிடுகிறேன். ஸ்பார்க் பிளக் என்பது எஞ்சினுக்குள் தீப்பொறி போடுகிற விரல் நீளச் சாமான். இந்த வண்டியில் பக்கத்துக்கு நான்கு. அவற்றை ஒட்டி மேலே, புகை வெளியேறும் இரும்புக் குழாய் அடுப்பாகக் கொதிக்கும். அந்தச் சூட்டில் பிளக்கின் ரப்பர் தொப்பி உருகிவிடாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் வளைந்த ஒரு மறைப்புத் தகடு. அப்பா அதை ஷீல்டு என்பார். பிளக்குக்கு மின்சாரம் கொண்டுவரும் வயர்கள் குழாயில் உரசாமல் பிடித்துக்கொள்ள ஒரு பிராக்கெட்: நான்கு பல் இடைவெளி விட்ட சீப்பு மாதிரி. முதலில் பிராக்கெட்டை முடுக்க வேண்டும், அடுத்து வயர்களைப் பதிக்க வேண்டும், கடைசியாக ஷீல்டு. ஷீல்டு ஏறிவிட்டால் உள்ளே பிராக்கெட் கண்ணுக்குத் தெரியாது. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு மதியம். இடது பக்கம் பிராக்கெட் ஏறி, வயர்கள் பதிந்து, ஷீல்டுகள் மட்டும் பாக்கி. அப்பா சாப்பிடப் போயிருந்தார். அவள் ஷெட்டுக்குள் வந்தது தன் செல்போன் சார்ஜரைத் தேடி. வந்தவள் எஞ்சினை எட்டிப் பார்த்தாள்.

ஒவ்வொரு வயரிலும் ஒரு நம்பர் வளையம். இடது பக்கத்து சிலிண்டர்கள் ஒற்றைப்படை: ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. பிராக்கெட்டில் அவை இருந்த வரிசையோ: ஐந்து, ஒன்று, மூன்று, ஏழு.

அப்பாவுக்குக் கண் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். பாவம் என்றுகூட நினைத்தாள். (இந்த "பாவம்" இந்தக் கதையில் இன்னொருவர் வாயிலும் வரும். இரண்டும் ஒரே எடைதான்.) பிளக்கில் மாட்டியிருந்த முனைகளைத் தொடாமல், வயர்களைச் சீப்பின் இடைவெளிகளிலிருந்து உருவி, வரிசை எண்படி ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று பதித்தாள். மூன்று நிமிட வேலை. பாடப்புத்தகப் படம் மாதிரி, கோடு பிசகாமல் இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு சார்ஜரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"இதெல்லாம் நீ தொடாதம்மா. நாலு வருஷம் படிச்சது கிரீஸ்ல கைய விடுறதுக்கா?" என்று அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். தொடாதே தொடாதே என்றதால்தான் தொட்டாள். தொட்டே பழக்கமில்லாததால்தான் கெடுத்தாள். இதில் பாதிப் பழி அப்பாவுக்கு என்று வாதாட எனக்கு ஆசை.

(வாதாடவில்லை.)

அப்பா ஏப்பம் விட்டுக்கொண்டே வந்தார். ஷீல்டுகளை ஒவ்வொன்றாகக் கைத்தடவலிலேயே மாட்டினார். தான் பதித்த வயரை யாராவது திரும்பப் பார்ப்பார்களா?

புதன்கிழமை டாக்டரம்மாவும் மருமகனும் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். சமதளத்தில் பட்டாக ஓடியது. மேம்பாலத்தில் ஏறும்போது ஆக்சிலேட்டரை அழுத்தியதும் வண்டி குலுங்கியது. பின்னால் டப் டப் என்று வெடித்தது. பாலத்தின் உச்சியில், நூறு வண்டிகள் ஹாரன் அடிக்க, நின்றுவிட்டது.

கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். மருமகன் ஷெட் வாசலில் நின்று, அப்பாவுக்குக் கேட்கும்படியே சொன்னார்: "நான் அன்னிக்கே பாத்தேன் அத்தை. ஸ்பேனர் புடிக்கிற கையே ஆடுது. வயசாயிடுச்சு, பாவம். வேற எடம் பாத்துக்கலாம்."

அப்பா தன் வலது கையைப் பார்த்தார். ரொம்ப நாள் கழித்து வந்த சொந்தக்காரரைப் பார்ப்பது போல.

பிளக்கை மாட்டும்போது கை நடுங்கி, உள்ளிருக்கும் பீங்கானைக் கீறியிருப்பேன் என்று முடிவு கட்டினார். ஷீல்டுகளைக் கழற்றாமல், அடியில் கை விட்டே எட்டு பிளக்கையும் மாற்றினார். ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார். எல்லாம் பொறி போட்டன. ஓட்டிப் பார்த்தார், ஏற்றத்தில் குலுங்கியது. வெள்ளிக்கிழமை ஸ்பேனர்களைத் துடைத்து, பலகையில் மாட்டி, ஷெட் கதவைச் சாத்தினார். இருபத்தாறு வருடத்தில் பகலில் அந்தக் கதவு சாத்தி அவள் பார்த்ததில்லை.

3

சனிக்கிழமை காலை அவள் ஒரு நேர்முகத் தேர்வுக்காகப் பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அருகருகே இணையாகச் செல்லும் இரண்டு கம்பிகள். ஒன்றில் மின்சாரம் திடீரென்று மாறினால், தொடாமலேயே மற்றதிலும் எழும். இந்தக் கேள்விக்கு அவள் இருபதுக்குப் பதினேழு வாங்கியவள்.

படித்துக்கொண்டே போனவள் நின்றாள். அந்த எஞ்சினில் ஐந்தாவது சிலிண்டர் வெடித்ததும் அடுத்து வெடிக்க வேண்டியது ஏழாவது. ஐந்தின் வயருக்குப் பக்கத்திலேயே ஏழின் வயர் படுத்திருந்தால், ஐந்துக்குப் போகிற மின்சாரம் ஏழிலும் பொறியைக் கிளப்பிவிடும், நேரம் வருவதற்கு முன்னாலேயே. சமதளத்தில் அவ்வளவாகத் தெரியாது. எஞ்சின் பாரம் இழுக்கும்போது, ஏற்றத்தில், மேம்பாலத்தில்—

அவள் நோட்டை மூடினாள்.

அப்பாவின் வரிசையில் ஐந்து ஒரு கோடியில், ஏழு மறு கோடியில். நடுவில் ஒன்றும் மூன்றும் சண்டை விலக்குகிற மாதிரி நின்றன. அது தப்பில்லை. அதுதான் சரி.*

* அப்பாவுக்கு இந்தக் காரணமெல்லாம் தெரிந்திருந்ததா என்று பிறகு கேட்டேன். "கழட்டும்போது அப்படித்தான் இருந்துச்சு. அப்படியே மாட்டுனேன்" என்றார். இதை ஏதாவது பெரிய ஞானமாக்கி எழுதலாமா என்று யோசித்தேன். அவர் சொன்னது அவ்வளவுதான். அதனால் எழுதியதும் அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: தெரிந்த உடனே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியதுதானே? அவள் சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்கச் சொல்லவில்லை. ஷெட்டில் ஸ்பேனர் பலகைக்கு மேலே அவளுடைய பட்டத்தின் நகல் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. அப்பா தினமும் அதைத்தான் முதலில் துடைப்பார், பிறகுதான் ஸ்பேனர். வருகிற வாடிக்கையாளர் எல்லோரிடமும் அதைக் காட்டுவார். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள் அவள். கோழை. (சொன்னேன் அல்லவா, திட்டுவேன் என்று.)

ஞாயிறு மதியம் அப்பா விண்ணப்பம் கேட்டார். "ஐயா,"வுக்குக் கீழே காரணம் வராதபோது, அவள் வேறொரு தாளை எடுத்துக் கதை எழுத ஆரம்பித்தாள். நீங்கள் படிக்கிற இந்தக் கதை அல்ல. இதற்கு முந்தியது.

அந்தக் கதையில் வயரை மாற்றியது முலாம் பூசுகிறவர். தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கிறார். எதைப் பார்த்தாலும் "பளபளன்னு ஆக்கிரலாம்" என்பதால் எல்லோருக்கும் அவர் பளபள. ஷீல்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். உண்மையில் வந்தார், டீ குடித்தார், போனார். கதையில் வந்தார், டீ குடித்தார், அப்பா இல்லாத நேரம் பார்த்து வயர்களை வரிசையாக அடுக்கினார். அவருக்கு ஒரு ஆர்வக்கோளாறு கொடுத்தேன், மீசையைக் கொஞ்சம் முறுக்கிவிட்டேன். பேனா தடையில்லாமல் ஓடியது. பொய் எழுதும்போது எனக்குத் தமிழ் எவ்வளவு நன்றாக வருகிறது என்று ஆச்சரியப்பட்டேன்.

பக்கத்தில் அம்மா தையல் மெஷினில் கார் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

"என்னடி, ஒரு லெட்டருக்கு இவ்வளவு நேரமா?"

"கதை எழுதுறேன்."

"யாரப் பத்தி?"

"பளபளயப் பத்தி."

மெஷின் நின்றது. "அந்த மனுசன் என்னடி பண்ணான்?"

அவள் தாளைக் கையால் மூடிக்கொண்டாள்.

"உங்கப்பன் வேலைக்கு லெட்டர் கேட்டா இவ பளபளயப் பத்திக் கதை எழுதுறாளாம். இதத்தான் நாலு வருஷம் சொல்லிக் குடுத்தாங்களா?" மெஷின் திரும்ப ஓடியது.

அந்தக் கதையை நான் கிழிக்கவில்லை. அதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டேன், அடியில் இருப்பது தெரியும்படி. பிறகு விண்ணப்பத்தை எடுத்து, "ஐயா,"வுக்குக் கீழே நான்கு வரி எழுதினேன்.

(எழுதினாள். எழுதினாள் என்று மாற்ற வேண்டும். விடுங்கள், இருக்கட்டும்.)

7

இங்கே உங்களுக்கு வேறு சில வழிகள் காட்டலாம். அப்பா தூங்கும்போது அவளே ஷீல்டைக் கழற்றி வயரை மாற்றிவிடுவது ஒன்று. வண்டி தானாகச் சரியான அதிசயத்தை அப்பா ஊரெல்லாம் சொல்வார். ஆனால் தன் கையை மட்டும் நம்ப மாட்டார். அப்பாவே கண்டுபிடிப்பது இன்னொன்று. அதில் அவள் வாயே திறக்க வேண்டியதில்லை. எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்திருந்தது. அதனாலேயே விட்டுவிட்டேன்.

நடந்தது இது. ஷெட் கதவைத் திறந்துகொண்டு போனாள். அப்பா வெறும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"எழுதிட்டியா? படி."

அவள் படித்தாள். "ஐயா, நான் இருபத்தாறு ஆண்டுகளாக வாகனப் பழுதுபார்ப்பு நிலையம் நடத்தி வருகிறேன். சென்ற ஞாயிறன்று நான் உணவருந்தச் சென்றிருந்த வேளையில் எனது மகள், தொடாதே என்று நான் பலமுறை கூறியும், இடது பக்கத்து வயர்களைத் தன் இஷ்டப்படி மாற்றி, ஐந்தாவதையும் ஏழாவதையும் அருகருகே வைத்துவிட்டாள் என்பதையும், வண்டி குலுங்கியதற்கு அதுவே காரணம் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

அப்பா அவளையே பார்த்தார்.

"திரும்பப் படி."

படித்தாள். இரண்டாவது தடவை "எனது மகள்" என்ற இடத்தை வேகமாகத் தாண்டினாள்.

"அப்ப என் கை இல்லையா?"

"இல்லப்பா."

"பீங்கான் கீறல?"

"இல்லப்பா. நான்தான்."

"என் கை இல்ல?"

"எத்தன தடவப்பா சொல்றது? நான்தான், நான்தான், நான்தான்!" கத்திவிட்டாள். தப்பை ஒப்புக்கொள்ளும்போதும் கோபமாகத்தான் வருகிறது அவளுக்கு.

அப்பா எழுந்தார். திட்டப்போகிறார் என்று அவள் தோள்களைக் குறுக்கிக்கொண்டாள். அவர் அவளைத் தாண்டி, வாசலுக்குப் போய், வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏய், இங்க வா! உம்பொண்ணு தப்பா மாட்டிட்டாளாம்! வயர மாத்தி வச்சது இவதானாம்!"

அந்தக் குரலை அவள் ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறாள், பட்டம் வாங்கின அன்று.

அடுத்த பத்து நிமிடத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. பளபளவுக்கு போன் போட்டார்: "உன் வேல இல்லய்யா, என் வேலயும் இல்ல, எல்லாம் எம்பொண்ணு பண்ண வேல!" பளபள எதற்கு இந்தச் செய்தி என்று புரியாமல், "சரி, பளபளன்னு ஆக்கிரலாம் விடுங்க" என்றாராம். கிடங்கில் வேலை சொன்னவருக்கு போன். டாக்டரம்மாவுக்கு போன். தன் முட்டாள்தனம் முதல் மதிப்பெண் மாதிரி ஊர்வலம் போவதைப் பார்த்துக்கொண்டு அவள் நின்றாள். அவமானத்தில் முகம் எரிந்தது. ஆனால் மார்புக்குள் நேற்றிலிருந்து இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று, நட்டு கழன்ற மாதிரி, தளர்ந்து விழுந்தது.

அம்மா மட்டும் அருகில் வந்து, "நல்லவேள. பளபள தப்பிச்சான்" என்றாள்.

அப்பா ஷீல்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார். நிமிராமலே, "தொடாதன்னு சொன்னேன்ல?" என்றார்.

"சொன்னீங்க."

"தொட்டாச்சு, இனிமே என்ன. வந்து டார்ச்சப் புடி."

பிராக்கெட் வெளிச்சத்துக்கு வந்தது: ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. கண்ணுக்கு எவ்வளவு லட்சணமாக இருந்தது! அப்பா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துகொண்டார். வயர்களை அவள்தான் மாற்றினாள். ஐந்து. ஒன்று. மூன்று. ஏழு. ஷீல்டுகளை அவர் மாட்டினார். போல்ட் துவாரத்தைத் தவறவிட்டது, இரண்டு தடவை. மூன்றாவது தடவை ஏறியது. அவள் டார்ச்சை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். ஆம், கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது. இதை மறைத்து எழுதினால் பளபள கதைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஐந்து மணிக்கு டாக்டரம்மா மருமகனோடு வந்தார். நேராக அப்பாவிடம் போய், "கைய நீட்டுங்க மெக்கானிக்" என்றார். அப்பா தயங்கி நீட்டினார். டாக்டரம்மா அதைத் திருப்பிப் பார்த்தார், விரல்களை விரிக்கச் சொன்னார்.

"லேசா ஆடுது. வயசுக்கு உண்டானது. இந்தக் கைய வச்சு ஆபரேஷன் பண்ண நான் விடமாட்டேன். பிளக் மாட்டலாம்." பிறகு அவளைப் பார்த்து, "வயர மாத்துனது நீதானா? உனக்குக் கை நல்லா ஸ்டெடியாத்தான் இருக்கு" என்றார்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

டாக்டரம்மா ஓட்ட, அப்பா பக்கத்தில், பின்சீட்டில் அவளும் மருமகனும். மேம்பாலம் வந்தது. டாக்டரம்மா ஆக்சிலேட்டரை அழுத்தினார். வண்டி ஏறியது. உச்சியைத் தொட்டது. இறங்கியது. பாலத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. இப்படி ஒரு வாக்கியத்தை எழுதுவதற்காகத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன் என்று தோன்றுகிறது. மருமகன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்னிக்கு நான் ஏதோ..." என்று ஆரம்பித்தார். அப்பா திரும்பி, "விடுங்க மாப்ள, நானே அப்படித்தான் நெனச்சேன்" என்றார்.

இனி முடிவு.

வீட்டுக்கு வந்ததும் அவள் விண்ணப்பத்தைக் கிழிக்கப் போனாள். கிழித்திருந்தால் கதை அழகாக முடிந்திருக்கும். அப்பா கையை நீட்டி வாங்கிக்கொண்டார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"எதுக்குப்பா?"

"இருக்கட்டும்."

அவர் அதை ஞாபகத்துக்கு வைத்திருக்கிறாரா, அல்லது என்றாவது ஒரு நாள் தேவைப்படும் என்று வைத்திருக்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. ஷெட் கதவு திறந்திருக்கிறது. வலது கை பையிலிருந்து வெளியே வந்துவிட்டது. அதற்குப் பதிலாகத் தாள் உள்ளே இருக்கிறது.

அந்த நாள் வரும் என்று உங்களுக்குத் தோன்றினால், முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் தயாராக இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் வயது என்று எழுதுங்கள், பழைய வண்டிகள் குறைந்துவிட்டன என்று எழுதுங்கள், மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்றுகூட எழுதுங்கள்.

அவர் கையை மட்டும் எழுதாதீர்கள்.